சுலைஹா ராத்தாவின் நாற்பது கோடுகள்

1

இந்த வைகாசியோடு நான் கடல் தாண்டி வந்து மூன்று வருஷம் ஆகிறது. தனுஷ்கோடியில் நீராவிக் கப்பலேறித் தலைமன்னார்த் துறையில் இறங்குவதைக் கடல் தாண்டியதாகச் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போன நம் ஊர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் நாக்கை நீட்டிக் காட்டி, பெட்டியைத் திறந்து காட்டி, ஒரே கேள்விக்கு மூன்று தாள்களில் மூன்று தடவை பதில் எழுதிவிட்டால் அது வேறு தேசம்தான். போன வாரம் அந்தத் தாள்களில் ஒன்றைப் புதுப்பிக்கப் போனேன். "வந்த நோக்கம்" என்ற கட்டத்தில் "மருந்து கலத்தல்" என்று எழுதினேன். கந்தோரில் இருந்தவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "பொம்பிளைப் பிள்ளையோ?" என்று கேட்டுவிட்டு, முத்திரை குத்தினார்.

கந்தோர் என்று எழுதிவிட்டேன். ஆபீஸ். என் கடிதங்களில் இப்படிப்பட்ட வார்த்தைகள் பெருகிவருவதாக அம்மா குறைப்பட்டுக்கொள்கிறாள். நாற்காலியைக் கதிரை என்கிறேனாம், பீரோவை அலுமாரி என்கிறேனாம். "இன்னும் ஒரு வருஷம் போனா உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டவே ஒரு ஆள் வைக்கணும்" என்று எழுதியிருந்தாள்.

சென்னையில் இரண்டு வருஷம் கம்பவுண்டர் படிப்பு முடித்தேன். இப்போது மன்னாரில் ஒரு சிறிய மருந்துச்சாலையில் வேலை. இங்கே வெள்ளைச் சேலை கட்டி மருந்து கொடுக்கும் பெண் எல்லோரும் "மிஸி"தான். என்னுடன் வேலை பார்ப்பவர் ஞானம்மா. கூட்டுவது, வெந்நீர் வைப்பது, கட்டுத் துணிகளை அவித்துக் காயவைப்பது, வெளியே நோயாளி பார்க்கப் போனால் பையைத் தூக்கி வருவது எல்லாம் அவர். இங்கேயே பிறந்த கத்தோலிக்கப் பெண். நாற்பது வயது இருக்கும். நாள் முழுவதும் பேசுவார்.

இந்தத் தடவை உங்கள் பத்திரிகைக்கு எழுத நினைத்தது வேறொருவரைப் பற்றி. குலுக்கலில் விழுந்த எண்களை நாலு வருஷமாக எழுதிவைத்து ஆராய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்ட பெண். ஒரு சீட்டுக்கூட வாங்கியதில்லை, வாங்கவும் மாட்டார்.

2

அவர் பெயர் சுலைஹா. மன்னார்த் தீவிலேயே உள்ள தாராபுரத்தில் இருக்கிறார். முஸ்லிம்கள் இங்கே அக்காவை ராத்தா என்பார்கள், அண்ணனை நானா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். கணவர் காசிம் நானா சங்கு வியாபாரி. வீட்டில் மாமியாருக்குக் காலில் ஆறாத புண். வியாழக்கிழமைதோறும் நானும் ஞானம்மாவும் மாட்டுவண்டியில் போய்க் கட்டு மாற்றுவோம்.

போன மாசியில் ஒரு வியாழன். கட்டு முடிந்து கை கழுவினேன். மேசை மேல் நீளமான ஒரு பழைய நோட்டு திறந்து கிடந்தது. சங்குகளை அளவுவாரியாகப் பிரித்து எழுதுவதற்காக ராத்தாவின் வாப்பா, அவருடைய தகப்பனார், வைத்திருந்ததாம். அதில் பாதி வெறுமையாக இருந்திருக்கிறது. அந்தப் பாதியில் ஒன்றிலிருந்து நாற்பது வரை கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் சிறு சிறு குச்சிகள், ஐந்து ஐந்தாகக் கட்டி. நான் கண்ணை எடுக்கவில்லை. பட்டியல் போடாமல் காய்கறி வாங்கப் போகாதவள் நான். எங்கே பட்டியல் கண்டாலும் நின்றுவிடுவேன்.

"என்ன ராத்தா இது?"

"அது சும்மா, தங்கச்சி." நோட்டை மூடப் போனார். பிறகு மூடவில்லை. "இவங்கட கோயில் லொத்தர்."

ஞானம்மாவின் கோயிலில் (இங்கே கத்தோலிக்கர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள், எந்தக் கோயில் என்று எழுத வேண்டாம் என்று அங்குள்ள சுவாமியார் கேட்டுக்கொண்டார்) மணிக்கூண்டு கட்டுவதற்காக ஒரு குலுக்கல் நடக்கிறது. ஒரு பெரிய தாளில் நாற்பது கட்டம். விரும்பிய கட்டத்தில் பேர் எழுதலாம்; ஒரு கட்டத்துக்கு ஒரு பேர்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு கன்னியாஸ்திரீ பானையைக் குலுக்கி, கண்ணை மூடி, எண் போட்ட ஒரு வில்லையை எடுப்பார். வாழைக்குலை, சாரம் (கைலி), பித்தளைச் செம்பு என்று வாரம் ஒரு பரிசு. விழுந்த எண்ணைத் திங்கட்கிழமை காலையில் மீன்காரர் தாராபுரத்துக்குக் கொண்டுவருவார். காசிம் நானா கேட்டு வந்து மனைவியிடம் சொல்வார். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் நீங்கலாக நாலு வருஷம். நூற்றெண்பத்து மூன்று குலுக்கல்.

"விளையாடுறது எங்களுக்கு ஹராம்" என்றார் சுலைஹா ராத்தா. "பாக்கிறதுக்கு ஒண்டுமில்லைத்தானே. கடல் பாக்கிற மாதிரித்தான்."

முதலில் எனக்கு அவ்வளவு மதிப்பு வரவில்லை. எண்களில் ராசி பார்க்கிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுபக்கத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அவர் சந்தேகப்பட்டுச் சோதித்துத் தள்ளிவிட்ட காரணங்கள் அவை:

நிலவு - இல்லை.
மழை நாள் - இல்லை.
எடுத்த ஆள் - இரண்டு பேர் மாறினார்கள். இல்லை.
போன வாரம் வந்த எண்ணுக்குப் பக்கத்து எண் - இல்லை.
நெடுநாள் வராத எண் இனி வரும் என்பது - இல்லை. வரவே இல்லை.

ஐந்து காரணங்களையும் தனித்தனியே எண்ணிப் பார்த்து அடித்திருக்கிறார். சென்னையில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களிலேயே தம் கருத்தைத் தாமே இப்படி அடித்து எழுதியவரை நான் பார்த்ததில்லை. ராத்தா படித்தது வீட்டில். குர்ஆனும், தமிழ் எழுத்தும், வாப்பாவின் அளவுக் கணக்கும்.

"அப்ப எதுதான் ராத்தா கூட வந்தது?" என்று ஞானம்மா கேட்டார்.

நாலு வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும். முகம் மலர்ந்துவிட்டது. "இருபத்தேழு" என்றார் உடனே. "பதினாலு தரம். ஒவ்வொண்டும் நாலைஞ்சு தரம் வரவேணும், கூடினா ஏழெட்டு. அஞ்சும் முப்பத்தெட்டும் நாப்பதும் ஒருக்காலும் வரேல்லை."

ஞானம்மா தலையாட்டிக்கொண்டு பையைத் தூக்கினார். திரும்பும் வழி முழுவதும் அவர் பேசவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

3

காரணத்தை ராத்தா பங்குனியில் கண்டுபிடித்தார். வில்லைகளை அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதால செய்தது எண்டு விசாரிச்சுச் சொல்லுறீங்களோ?"

விசாரித்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்பவரை இங்கே சங்கிலித்தாம் என்பார்கள். புழு அரித்ததென்று வியாபாரிகள் கழித்த சங்குகளை அவர்தான் அறுத்து, ஒரு நாணயத்தை வைத்து வட்டம் பார்த்துத் தேய்த்துச் செய்திருக்கிறார்.

"சங்கோ!" ராத்தா சிரித்துவிட்டார். "என்னட்ட கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பன். வட்டம் ஒண்டா இருக்கும், தடிப்பு ஒண்டா இராது. சங்குக்கு மேல் ஓடு மெல்லிசு, அடி மொத்தம். கடலையையும் பயறையும் ஒரு போத்தல்ல போட்டுக் குலுக்கிப் பாருங்கோ, எது மேல வருதெண்டு."

மருந்துச்சாலையில் செய்து பார்த்தேன். கடலையும் பயறும் இல்லை. பெரிய மாத்திரை, சின்ன மாத்திரை. பத்துத் தடவை குலுக்கினேன். பத்துத் தடவையும் பெரியவை மேலே வந்து நின்றன. கண்ணை மூடிப் பானைக்குள் கையை விடும் கன்னியாஸ்திரீ முதலில் தொடுவது எதை என்று பிறகு கேட்கவே தேவையில்லை.

கொழும்பில் குதிரைப் பந்தயச் சீட்டு வாங்கிவிட்டுக் கனவில் வந்த எண்ணைப் பேசும் கனவான்களை இங்கே பார்த்திருக்கிறேன். வீட்டு வாசலைத் தாண்டாமல், மீன்காரர் வாய்ச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, பார்க்காத ஒரு பொருளின் தடிப்பைச் சொன்ன இந்தப் பெண்ணை அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களுக்காவது எழுதுகிறேன்.

4

கோயிலின் வருஷத் திருவிழாவான பெருநாளுக்குப் பத்து நாள் முன்பு அங்கே அறிவித்தார்கள்: இந்த வருஷப் பெருநாள் குலுக்கலுக்குப் பரிசு ஒரு புது வள்ளம். ஒரு புண்ணியவான் செய்வித்துக் கொடுத்ததாம். தாள் ஒரே நாளில் நிரம்பிவிட்டது. இருபத்தேழாம் கட்டத்தில் இருந்த பேர் ஞானம்மா.

அவருடைய கணவர் சவிரியானுக்குச் சொந்த வள்ளம் இல்லை. முன்பு இருந்தது, ஒரு புயலில் போய்விட்டது. சோளகம் என்று இங்கே சொல்லும் தென்மேற்குக் காற்று எழும்பினால் தென்கடலில் தொழில் செய்ய முடியாது. வள்ளம் வைத்திருப்பவர்கள் தீவின் மறுபக்கத்துக்கு, வடகடலுக்கு, இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மற்றவர்கள் பிறருடைய வள்ளத்தில் கூலிக்கு முல்லைத்தீவுப் பக்கம் போய் ஐப்பசியில்தான் திரும்புவார்கள். ஆறு வருஷமாக சவிரியான் அப்படித்தான் போகிறார். கடைசிக் குழந்தை பிறந்ததையும் அது இறந்ததையும் அவர் ஒரே கடிதத்தில் தெரிந்துகொண்டார். இதை ஞானம்மா எனக்குச் சொன்னது ஒரே ஒரு தடவை, வெந்நீர்ப் பானையைப் பார்த்தபடி.

அடுத்த வியாழன் கட்டு மாற்றும்போது அவரே ராத்தாவிடம் சந்தோஷமாகச் சொன்னார். "உங்கட இருபத்தேழை எடுத்திட்டன், ராத்தா. வள்ளத்துக்கு உங்கட பேரை வைக்கட்டோ?"

ராத்தாவின் முகம் மாறிவிட்டது. மாமியாருக்குத் தலையணை சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் இதைச் சுவாமிக்குச் சொல்லவேணும், ஞானம்மா. அந்த வில்லையில பிழை கிடக்கு."

"சொல்லுங்கோ. ஆர் வேண்டாமெண்டது? பெருநாள் முடியச் சொல்லுங்கோ."

"முன்னமே சொல்லவேணும்."

"மூண்டு நாள் ராத்தா. நாலு வருஷம் சொல்லாம இருந்தனீங்கள். இன்னும் மூண்டு நாள்."

"நாலு வருஷம் எனக்குத் தெரியாது. இப்ப தெரியும்." ராத்தா குரலை உயர்த்தவில்லை. "நான் வாயில எண்ணைச் சொன்னன், நீங்கள் பேரெழுதினீங்கள். இனி நான் சும்மா இருந்தா நானும் விளையாடின மாதிரி. உங்களுக்கு அது பாவமில்லை. எனக்குப் பாவம்."

"உங்கட பாவத்துக்கு என்ர புருஷன் முல்லைத்தீவுக்குப் போகவேணுமோ?"

ராத்தா எழுந்தார். உள்ளே போய் ஒரு பலகையைக் கொண்டுவந்தார். சங்கின் பருமன் பார்க்க வட்டத் துளைகள் போட்ட வாப்பாவின் பலகை. அதன் ஓரத்தில் தச்சனைக் கொண்டு புதிதாக ஒரு கீறல் அறுத்திருந்தார். மெல்லிய வில்லை அதில் விழுந்துவிடும், தடித்தது நின்றுவிடும். அதிகம் விழுந்ததால் தடித்தவையாக இருக்க வேண்டும் என்று கணித்த ஏழு எண்களை ஒரு தாளில் எழுதி மடித்து ஒட்டினார். "இதைச் சுவாமியிட்ட குடுங்கோ, தங்கச்சி. முதல் பலகையில போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. பிறகு தாளைப் பிரிக்கச் சொல்லுங்கோ. நான் சொன்னதெண்டு நம்பவேண்டாம்."

5

வண்டியில் பலகை என் மடியில் இருந்தது. மாலை வெயில். ஞானம்மா எதிரே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸி, அவ குடுத்திட்டா. அவட கடமை முடிஞ்சுது. நீங்கள் திங்கள் குடுங்கோ. உங்களுக்கு வேலை கூட, மறந்துபோச்செண்டு சொல்லுங்கோ. உங்களை ஆரும் ஒண்டும் கேக்க மாட்டினம்."

உண்மை. யாரும் கேட்க மாட்டார்கள். அந்த அரை மணி நேரம் மன்னாரில் ஒரு வள்ளம் யாருக்கு என்பது என் மடியில் கிடந்தது.

அம்மா இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் அடுத்ததை எழுதுகிறேன். நான் இலங்கைக்கு வரலாமா என்று எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்த்தார்கள். பாளையங்கோட்டையில் எந்தப் பெரிய காரியத்துக்கும் அதுதானே வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு, பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் போகலாம். பொட்டலம் கட்டியவள் நான். வெள்ளையில் ஒரு பூவுக்கு மூன்று பூ வைத்துக் கட்டினேன். சின்னக் கை தடித்த பொட்டலத்தைத்தான் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். வெள்ளை வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் கப்பலேறினேன்.

ஆகவே ஞானம்மாவுக்கு நியாயம் சொல்ல எனக்கு வாயில்லை. நான் வேண்டியதைச் செய்துவிட்டு மூன்று வருஷம் நிம்மதியாக இருக்கிறேன். அவர் கேட்டது அதைவிடச் சிறியது. இருந்தும் மடியில் கிடந்த பலகையைத் தொட்டபோது, எனக்குத் தெரிந்த ஒன்றை அடுத்தவரிடமிருந்து மறைத்துச் சௌகரியம் அடைந்தவள் நான், சொல்லிச் சங்கடப்படத் துணிந்தவர் ராத்தா என்று தோன்றியது. அவருடைய பொருளை நான் என் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

"நாளைக்குக் கொடுத்திடுவேன், ஞானம்மா" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். "நீங்களும் படிச்ச ஆக்கள்தானே" என்று மட்டும் சொன்னார்.

6

வெள்ளிக்கிழமை மாலை சுவாமியார் அறையில் சங்கிலித்தாம் நாற்பது வில்லைகளையும் ஒவ்வொன்றாகக் கீறலில் விட்டார். முப்பத்து மூன்று விழுந்தன. ஏழு நின்றன. சுவாமியார் தாளைப் பிரித்தார். ஏழில் ஆறு எண்கள் அப்படியே இருந்தன. இருபத்தேழுதான் எல்லாவற்றிலும் தடிப்பு. சங்கிலித்தாம் தன் கைவேலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "வட்டத்தைத்தானே பாத்தனான், சுவாமி" என்றார். சுவாமியார் அவரைக் கடியவில்லை. "நாலு வருஷம் வாழைக்குலை கொண்டுபோன ஆக்களிட்டத் திருப்பிக் கேக்கவோ ஏலும்?" என்று சிரித்தார்.

கட்டங்களில் எழுதிய பேர்கள் அப்படியே இருக்கட்டும், வில்லைகளை மட்டும் மாற்றுவது என்று முடிவாயிற்று. மருந்துப் போத்தல் தக்கைகளை நான் தருவதாகச் சொன்னேன். சனிக்கிழமை முழுவதும் தராசில் நிறுத்தேன். நூறு தக்கையில் ஒரே எடையும் ஒரே அளவும் உள்ள நாற்பது. மீதியைத் தள்ளினேன். எண்களை மையால் எழுதியதும் நான்தான். இருபத்தேழு எழுதும்போது கை கொஞ்சம் நின்றது உண்மை.

ஞாயிறு எட்டாம் எண் விழுந்தது. விடத்தல்தீவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம். வள்ளத்துக்கு மாலை போட்டுக் கரைக்கு இழுத்தார்கள். ஆண்கள், பெண்கள் எல்லோரும் கை கொடுத்துத் தள்ளுவது இங்கே வழக்கம். ஞானம்மா தனியே நின்றார். வள்ளம் மணலில் சிக்கியது. அவர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு போய் பின்பக்கத்தில் தோளைக் கொடுத்தார். புதன்கிழமை சவிரியான் முல்லைத்தீவுக்குப் போனார்.

7

நான் வியாழக்கிழமை தனியாகத் தாராபுரம் போகத் தயாராக இருந்தேன். ஞானம்மா பையோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கட்டு மாற்றினோம். புண் ஆறத் தொடங்கியிருந்தது. சுலைஹா ராத்தா தேநீர் கொண்டுவந்து ஞானம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வைத்தார். மேசையில் நோட்டு இல்லை.

பேச்சை நான்தான் ஆரம்பித்தேன். ஏழில் ஆறு சரி என்றேன். ராத்தா "எது பிழைச்சது?" என்று கேட்டார், மெல்ல. முப்பத்தொன்று என்றேன். "முப்பத்தொண்டு பத்துத் தரம் வந்ததே. மெல்லிசோ?" மெல்லியதுதான், தற்செயலாக வந்திருக்கும் என்றேன். ஒரு கணம் அவர் கண்ணில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. உடனே ஞானம்மாவின் பக்கம் பார்த்து அணைந்தது.

"எங்க உங்கட கொப்பி?" என்று கேட்டார் ஞானம்மா.

"மூடி வச்சிட்டன், ஞானம்மா. இனி எழுதேல்லை."

"ஏன்?"

"விளையாட்டுக்குப் பாத்தது வினையாப் போச்சு. உங்கட வீட்டில..."

"என்ர வீட்டை விடுங்கோ. ஞாயிறு எட்டு விழுந்தது. எழுதினீங்களோ?"

"இல்லை."

"என்ர மனிசனை முல்லைத்தீவுக்கு அனுப்பின எட்டு. அதை நீங்கள் எழுதாம விடுவீங்களோ?" ஞானம்மா தேநீரை ஒரு மிடறு குடித்தார். "கொண்டாங்கோ கொப்பியை."

ராத்தா எழுந்து போய்க் கொண்டுவந்தார். பழைய பக்கத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தார். புதுப் பக்கத்தில் அடிமட்டம் வைத்து ஒன்று முதல் நாற்பது வரை கோடு போட்டார். நானும் ஞானம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் எடுத்தது. எட்டாம் கோட்டில் ஒரு சின்னக் குச்சி வைத்தார்.

"மிஸியின்ர தக்கையில பிழை இருக்கோ எண்டு தெரிய எத்தினை ஞாயிறு வேணும்?" என்று ஞானம்மா கேட்டார்.

"இருநூறு."

"இருந்தா முதல் ஆருக்குச் சொல்லுவீங்கள்?"

"சுவாமிக்கு."

ஞானம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தீங்களோ, மிஸி? திருந்தவே மாட்டா." பிறகு ராத்தாவின் பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு கோடாக விரல் வைத்துத் தன் இருபத்தேழைத் தேடிப் பிடித்தார். அது வெறுமையாக இருந்தது. அங்கேயே விரலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இனி மீன்காரன்ர சொல்லைக் கேட்டு எழுதாதேயுங்கோ. அவன் பதின்மூண்டை முப்பத்தொண்டு எண்டும் சொல்லுவான். ஒவ்வொரு வியாழனும் நான் வந்து சொல்லுறன்."